துண்டில் முடிந்த மோதிரம்

ஜோசப் ஆனந்த் வந்து உட்கார்ந்ததும் விரலைத்தான் தடவினார். மோதிரம் இருந்த இடம் வெளுத்துக் கிடந்தது.

"கல்யாண மோதிரம் மேடம். போனா போவுதுன்னு வுட்டுடலாம். ஆனா அதுக்காக ஒரு மனுசன ஸ்டேஷன்ல ஒக்கார வெச்சி, வேலயும் புடுங்கிட்டாங்க. அவர் எடுத்திருப்பார்னு என் மனசு ஒப்பல."

புதுச்சேரி உழவர்கரையில் செந்தமிழ்ச்செல்வியின் துப்பறியும் அலுவலகம் ஒரே அறைதான். யார் வந்தாலும் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் கோவிந்தராசு கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு இங்கே வந்து நிற்பார். கூப்பிடாத உதவியாளர், ஆனாலும் துரத்த மனசு வராது.

சனிக்கிழமை ஜோசப்பும் அவருடைய நண்பர் மார்ட்டினும் பைக்கில் செஞ்சிக்கு அப்பால், காட்டுக்குள் இருக்கும் வேட்டை பங்களாவுக்குப் போயிருந்தார்கள். வெள்ளைக்காரன் கட்டியது, இப்போது பகல் வாடகைக்கு விடுகிறார்கள். மார்ட்டின் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தபோது ஜோசப் அறையில் மோதிரத்தைக் கழற்றினார். காய்ச்சலில் இளைத்த விரல், தண்ணீரில் நழுவிவிடுமே என்ற பயம். துண்டின் மூலையில் முடிந்து கொடியில் போட்டார். மார்ட்டின் உடுப்பு மாற்ற உள்ளே வர, இவர் குளிக்கப் போனார். திரும்பினால் அறையில் யாரும் இல்லை, துண்டும் இல்லை.

"கொரங்குதான்!" என்றார் கோவிந்தராசு.

"ஜன்னல்ல வலை இருக்கு. கதவும் வெளியில தாழ் போட்டிருந்துது."

"நீங்க முடிஞ்சத யார் பாத்தாங்க?" என்று கேட்டாள் செல்வி.

"காவக்காரர் வேம்பு மட்டுந்தான். 'பத்திரம் சார்'னு சொல்லிட்டுதான் போனாரு. அதனாலதான் பங்களா மேனேஜர் அவரப் புடிச்சிக்கிட்டாரு."

"போற வழியில ஏதாச்சும்?"

"ஒண்ணுமில்ல. எல்லைச் செக்போஸ்டுக்கு முன்னாடி வயிறு சரியில்லன்னு மார்ட்டின் பையோட எறங்கிட்டான். வயக்காட்டு வழியா நடந்து, அந்தப் பக்கம் வந்து ஏறிக்கிட்டான்."

செல்வி அதைக் குறித்துக்கொண்டாள். "சாயந்தரம் அவரயும் கூட்டிக்கிட்டு வாங்க."

மார்ட்டின் வந்ததுமே ஆரம்பித்துவிட்டார். "அந்த வேம்புதான் மேடம்! பாத்தது அவன் ஒருத்தன்தானே?"

"பாத்ததாலதான் அவர் எடுக்கல" என்றாள் செல்வி. "முடிச்சுல மோதிரம் இருக்குன்னு தெரிஞ்சவன், முடிச்ச அவுத்து மோதிரத்த மட்டும் எடுத்துக்குவான். துண்ட எதுக்குத் தூக்கணும்? முழுசா எடுத்தவருக்கு வேண்டியது துண்டுதான். மோதிரம் இருந்ததே அவருக்குத் தெரியாது."

"பழந்துண்டு யாருக்கு வேணும்?" என்றார் கோவிந்தராசு.

"வயிறு சரியில்லாதவர் பையத் தூக்கிக்கிட்டு ஏன் வயக்காட்டுல நடக்கணும்? புதுச்சேரிக்காரர் செக்போஸ்டுக்கு முன்னாடி பையோட எறங்கினா, பையில என்ன இருக்கும்?"

"அட, சரக்கு பாட்டிலு!" கோவிந்தராசு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"போவும்போது மாத்துத் துணியில சுத்தியிருந்தீங்க. குளிச்சிட்டு அத உடுத்தியாச்சு. மீதி பாட்டில் பையில சத்தம் போடாம இருக்க வேற துணி வேணும். கொடியில தொங்கினத உருவிட்டீங்க. சரிதானே மார்ட்டின் சார்?"

மார்ட்டின் சட்டைப் பையிலிருந்து மோதிரத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"துண்டக் காணோம்னு நீ கத்தினப்பவே தெரிஞ்சிதுடா. எங்கயாச்சும் போட்டு எடுத்த மாதிரி காட்டலாம்னு பாத்தேன். அதுக்குள்ள மேனேஜர் போலீசக் கூப்ட்டுட்டான். குடிக்க மாட்டேன்னு மாதா கோயில்ல சத்தியம் பண்ணப்பறந்தான் எம் பொண்டாட்டி லினெட் வீட்டுக்கே திரும்பி வந்தா. தெரிஞ்சா போயிடுவாடா."

"அதுக்கு அந்த ஆள் வேல போவணுமா? மேனேஜர்கூட சேந்து நீயும் அவரத் திட்டினியேடா, பாவி!" என்று கத்தினார் ஜோசப்.

செல்வி வேம்புவுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். ஜோசப் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். மேனேஜரிடம் இப்போதே பேசி வேலையைத் திரும்ப வாங்கித் தருவதாகவும் சொன்னார்.

"மோதிரம் கெடச்சது சந்தோசம் சார்" என்றார் வேம்பு. "ஆனா போன்ல வேணாம். நேர்ல வந்து சொல்லுங்க. ஊரே பாக்கத்தான் போலீசு என்னக் கூட்டிக்கிட்டுப் போச்சு. என் பொண்ணும் பாத்துக்கிட்டு நின்னுச்சு."

ஜோசப் வண்டிச் சாவியை எடுத்தார்.

"நானும் வரேன்" என்றார் மார்ட்டின். "ஒரு நிமிசம்." தன்னுடைய போனை எடுத்து வாசலுக்குப் போனார். "லினெட்... உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். போன வெக்காம கேளு."