தும்பியின் கண் என்ன நிறம்?

என் சிநேகிதி லவீனா கனடாவுக்குப் போய் ஒரு வருடமாகிவிட்டது. போன வெள்ளிக்கிழமை தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டாள்.

"ஆரபி, எங்கடை வாய்க்கால் தும்பிக்குக் கண் என்ன நிறம்? எனக்கு மறந்துபோச்சு."

எனக்குத் திக்கென்றது. சண்டிலிப்பாயில் எங்கள் தோட்டத்துக்குத் தண்ணீர் ஓடும் வாய்க்கால் அது. பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் இருவரும் அதன் கரையில் குப்புறப் படுத்துத் தும்பி பார்ப்போம். எத்தனை பின்னேரங்கள்! தும்பியையே மறந்துவிட்டாளென்றால், அடுத்தது நான்தானே?

"பொறு, படம் எடுத்து அனுப்பிறன்" என்றேன்.

கைபேசியில் எடுத்துப் பார்த்தேன். கண்ணையும் காணோம், தும்பியையும் காணோம். சிவப்பாக ஏதோ அப்பியிருந்தது.

நல்லவேளை, என் அண்ணை குகதாசன் கல்யாண வீடுகளில் படம் எடுப்பவர். சின்னப் பொருளையும் பெரிதாகக் காட்டும் மக்ரோ லென்ஸ் ஒன்று வாங்க, சனிக்கிழமை யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்டார்.

"அண்ணை, தும்பி எடுக்கத் தருவீங்களோ?"

"ஓம், ஓம். மோட்டார் சைக்கிளிலை ஏறு."

கடைக்காரர் செல்வரட்ணம் மாமா இரண்டு லென்ஸ்களை மேசையில் வைத்தார். ஒன்று குட்டை, மற்றது நீளம். இரண்டும் ஒரே விலைதான்.

அண்ணை என்ன செய்தார் தெரியுமா? படம் எடுத்துப் பழகவென்று வைத்திருக்கும் கவரிங் தாலிக்கொடியைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். குட்டை லென்ஸால் எடுத்தார். ஒவ்வொரு வளையமும் பளிச்சென்று தெரிந்தது.

"சின்னதே காணும். பாரமும் இல்லை" என்றார்.

"அண்ணை, தாலிக்கொடி பறக்காது. தும்பி பறக்குமெல்லோ?"

மாமா சிரித்துவிட்டார். "பிள்ளை கேக்கிறது சரி, தம்பி. வெளியிலை செவ்வரத்தையிலை வண்ணத்துப்பூச்சி நிக்குது. கொண்டுபோய்ப் பாருங்கோ."

அண்ணை குட்டை லென்ஸோடு பூவை நெருங்கினார். நாலு விரல் தூரத்துக்குப் போனால்தான் பூச்சி பெரிதாகத் தெரியும். அதற்குள் அண்ணையின் தலை நிழல் விழுந்தது. பூச்சி பறந்துவிட்டது. மூன்று தரம் முயன்றார். மூன்று தரமும் வெறும் பூதான் கிடைத்தது.

நான் நீளமான லென்ஸை அண்ணையின் கமராவில் பூட்டி, ஒரு சாண் தள்ளியே நின்றுகொண்டேன். வண்ணத்துப்பூச்சி என்னைக் கவனிக்கவே இல்லை. படத்தில் அதன் மீசைகூடத் தெரிந்தது.

"உது பாரமெல்லோ..." என்று அண்ணை இழுத்தார்.

"தாலி கட்டேக்கை கிட்டப் போய்த் தலையை நீட்டி, ஐயரிட்டைப் பேச்சு வாங்கினதை மறந்திட்டீங்களோ?"

அண்ணை நீளமானதையே வாங்கினார்.

மறுநாள் காலை அண்ணையின் கமராவோடு வாய்க்கால் கரையில் குப்புறப் படுத்தேன். சட்டையெல்லாம் சேறு. புல் நுனியில் சிவப்புத் தும்பி ஒன்று வந்து உட்கார்ந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அமுக்கினேன்.

கண்ணின் மேற்பாதி நல்ல சிவப்பு. கீழ்ப்பாதி இளநாவல் நிறம். அத்தனை நாள் பார்த்தும் எனக்கே இது தெரிந்திருக்கவில்லை.

படத்தை அனுப்பினேன். உடனே லவீனா அழைத்தாள்.

"கண் இருக்கட்டும். பின்னாலை நீலத் தொட்டி மங்கலாத் தெரியுது. அப்பிடியெண்டால் நீ தென்னைமரப் பக்கம் படுத்திருக்கிறாய். அது என்ரை இடமெல்லோ! ஆரைக் கேட்டு அங்கை படுத்தனீ?"

மூச்சு விடாமல் ஏசினாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் ஏசடி" என்றேன்.