சாரைப்பாம்பின் பதினொரு முட்டைகள்

1996 ஏப்ரல் 9, செவ்வாய்க்கிழமை. காலை 7.40.

இத்தாலியின் பலெர்மோ நகரில், சீசா என்ற பகுதியில், ஓர் ஐந்து மாடிக் கட்டடத்தின் படிகளைக் கழுவிக்கொண்டிருந்த நாகபூசணி, மூன்றாம் மாடியில் எழுந்த அலறலைக் கேட்டு வாளியை வைத்துவிட்டு ஓடினாள். ஈஸ்டருக்கு வெளியூர் போய் அப்போதுதான் திரும்பியிருந்த சின்யோரா கொன்செத்தா, கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றார். மூடியின் கொளுக்கி ஒழுங்காக மாட்டியிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

காணாமற்போனது அவருடைய செல்லச் சாரைப்பாம்பு. அமெரிக்க இனம். மஞ்சள் உடம்பு, முதுகில் நான்கு கரிய கோடுகள், வெறும் வெளிர்மஞ்சள் வயிறு. குட்டியாக வாங்கிய நாள் முதல் நான்கு வருடமாகத் தனியே வளர்ந்தது.

வீட்டுச் சாவி இரண்டு பேரிடம் இருந்தது. ஒருவன் சின்யோராவின் பெறாமகன் கஸ்பாரே. மற்றவள் வீட்டு வேலைக்கு வரும் மன்னார்ப் பெண் செலஸ்ரீனா. பாம்பென்றால் அவளுக்கு நடுக்கம் என்பது கட்டடம் முழுவதும் அறிந்த சங்கதி.

“பயத்தில் வெளியே எறிந்துவிட்டாள்” என்று சின்யோரா முடிவுகட்டினார். அன்றைக்கே செலஸ்ரீனாவின் வேலை போயிற்று.

செலஸ்ரீனா நாகபூசணியிடம் வந்து அழுதாள். “அக்கா, ஓகஸ்ட் கடைசியோடை என்ரை பெர்மெசோ, இஞ்சை இருக்கிற அனுமதி, முடியுது. இவவின்ரை கடிதம் இல்லாமல் குவெஸ்தூராப் பொலிசுக் கந்தோரிலை ஆர் புதுப்பிச்சுத் தருவினம்?”

“நீ பெட்டியைத் தொட்டனியோ?”

“கிட்டவும் போகேல்லை.”

“நான் நம்புறன். பயந்தவள் பாம்பைத் தூக்கவும் மாட்டாள், தூக்கினாப் பிறகு நிண்டு கொளுக்கி மாட்டவும் மாட்டாள்.”

ஆனால் நம்பிக்கையை எந்த அரசாங்கக் கந்தோரும் ஏற்காது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் விலங்கியல் படித்து, போரால் பாதியில் விட்டுவந்த நாகபூசணிக்கு அது தெரியும்.

மே 1. மாலை 4.15.

கஸ்பாரே ஒரு துணிப்பையோடு வந்தான். “முற்றத்து வடிகாலில் கிடந்தது, சித்தி.” சின்யோரா அவன் நெற்றியில் முத்தமிட்டார்.

வாசலில் படி கழுவிக்கொண்டிருந்த நாகபூசணி உள்ளே வந்து பாம்பைப் பார்த்தாள். இருபத்திரண்டு நாள் வடிகாலில் கிடந்ததாம். மெலியவில்லை, சேறும் ஒட்டவில்லை. உதறிய பையிலிருந்து விரல் நீளத்துக்கு உரிந்த தோல் ஒன்று விழுந்தது.

“தோல் கழற்றியிருக்கிறது” என்றான் கஸ்பாரே.

அவள் அதை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அகன்ற வயிற்றுச் செதில்களில் கருமையும் வெளிறலுமாகச் சதுரங்கள் மாறிமாறி ஓடின. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புத்தகத்துக்குள் வைத்தாள்.

ஜூன் 12. காலை 9.00.

பெட்டிக்குள் பதினொரு வெள்ளை முட்டைகள். சின்யோரா நாகபூசணியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“ஆணே பார்க்காத பாம்பு. இவற்றில் கரு இருக்காது” என்றார் சின்யோரா. தொலைபேசியில் கேட்ட கஸ்பாரே அரைமணியில் வந்து நின்றான். “நான் கொண்டுபோய் எறிகிறேன்.”

முட்டையை எறிய இவ்வளவு அவசரமா? நாகபூசணி டோர்ச்சை எடுத்துக் குளியலறையை இருட்டாக்கி, ஒரு முட்டையின் கீழே ஒளியைப் பிடித்தாள். உள்ளே சிவப்பு நரம்புகள் கிளைவிட்டிருந்தன.

“சின்யோரா, இவற்றில் உயிர் இருக்கிறது.”

“தகப்பன் யார்?”

“பொரித்தால் தெரியும். அதுவரை ஒருவரிடமும் கொடுக்காதீர்கள்.”

பல்லரோச் சந்தையில் மீன்காரனிடம், மீன் அடுக்கும் வெள்ளை நுரைப்பெட்டி, ஒரு ரெஜிபோம் பெட்டி வாங்கினாள். ஈரப்பாசி பரப்பி, முட்டைகள் புரளாதபடி மேற்பக்கத்தில் பென்சிலால் குறியிட்டு அடுக்கி, சின்யோராவின் வீட்டிலேயே வைத்தாள். தினமும் வெப்பமானியைப் பார்த்தாள். செலஸ்ரீனா மாலைதோறும் தொலைபேசி எடுத்தாள்.

“ஊரிலை நல்லபாம்பும் சாரையும் பிணையிறது எண்டு சொல்லுவினமே, அப்பிடியோ அக்கா?”

“அது ரெண்டு ஆண் சாரை மல்லுக்கட்டுறதைப் பாத்துக் கட்டின கதை. இது வேறை. கிட்டின சொந்த இனம் ஒண்டுதான் இதுக்குத் தகப்பன்.”

ஓகஸ்ட் 16. காலை 6.20.

முதல் முட்டையின் தோலைக் கிழித்துக்கொண்டு ஒரு சின்ன மூக்கு வெளியே வந்தது. சின்யோரா இரவு உடையோடு முழங்காலில் குந்தினார். மத்தியானத்துக்குள் ஒன்பது குட்டிகள். தூய சாரைக் குட்டி சாம்பல் நிறமாக இருக்கும். இவற்றின் முதுகில் செந்திட்டுகள். நாகபூசணி ஒன்றைப் பக்குவமாகப் புரட்டினாள். வயிற்றில் சதுரங்கப் பலகைபோலக் கட்டம்.

மாலை 5.00. கஸ்பாரேயை வரவழைத்தார்கள்.

“மே மாதம் பாம்பைக் கொண்டுவந்த அந்தப் பை உங்களுடையதா?” என்று கேட்டாள் நாகபூசணி.

“ஆமாம்.”

“அதில் வேறு பாம்பு எப்போதாவது இருந்ததா?”

“என்னிடம் பாம்பே கிடையாது.”

அவள் புத்தகத்தைத் திறந்து தோலை மேசையில் வைத்தாள்.

“அப்படியானால் இது யாருடையது? சின்யோராவின் சாரையின் வயிற்றில் கட்டமே இல்லை. இது அமெரிக்கச் சோளப்பாம்பின் தோல். சாரையோடு கலக்கக்கூடிய சொந்த இனம். குட்டிகளின் வயிற்றைப் பாருங்கள். அன்றைக்கு எல்லோரும் தோலைப் பார்த்தோம், யாருடைய தோல் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏப்ரலில் இவற்றின் தகப்பனோடு சாரையைச் சேர்த்துவைத்தவர் நீங்கள்.”

கஸ்பாரே கதிரையை இழுத்து உட்கார்ந்தான். பிறகு உண்மையைச் சொன்னான். வுச்சீரியாச் சந்தைப் பக்கம் ஓர் அறையில் ஆண் சோளப்பாம்பு வைத்திருக்கிறான். பலெர்மோவில் முதன்முதலாகக் கலப்புக் குட்டி பொரிக்கவைத்தவன் என்ற பெயர் வேண்டும். சித்தி பொலிசுக்குப் போகப்போவதாகச் சொன்னதும் பயந்து திருப்பித் தந்தான்.

“என்னிடம் கேட்டிருந்தால் நானே தந்திருப்பேன்” என்றார் சின்யோரா. “செலஸ்ரீனா இங்கே நின்று அழுதபோதும் வாய்திறக்கவில்லையே நீ. சாவியை வை.”

மறுநாள் காலை சின்யோரா நாகபூசணியோடு, செலஸ்ரீனா குடியிருந்த பல்லரோவுக்குப் போய், அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டு, குவெஸ்தூராவுக்கான வேலைக் கடிதத்தைக் கொடுத்தார். செலஸ்ரீனா அதை இரண்டு தரம் வாசித்தாள்.

“தேதி போடவில்லை, சின்யோரா.”

சின்யோரா பக்கத்து மீன்காரனிடம் பேனை இரவல் வாங்கித் தேதி எழுதினார். “வேலைக்கு வருவாயா?”

“வருவேன். பாம்பு அறைக்கு மட்டும் வேறு ஆள் வையுங்கள்.”

சின்யோரா நாகபூசணியைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தாள்.