பதில் இழுப்பு

புனிதா கேபிளை இரண்டு முறை இழுத்தாள். சற்றுப் பொறுத்து, மறுமுனையிலிருந்து ஒரு முறை இழுப்பு வந்தது.

அப்பாடா, ஜெயராஜ் வந்துவிட்டான் என்று நினைத்தாள். சொன்ன நேரத்துக்கு என்றைக்கு வந்திருக்கிறான் அவன்? சனிக்கிழமை பிற்பகல், பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடத்தில் மூன்றாம் மாடி முழுக்க ஆளில்லை. வெளியே நாலு மணி மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. நெட்வொர்க் அறையோ உட்கார இடமில்லாத பொந்து. இயந்திரங்களின் விசிறிகள் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தன; சூடான பிளாஸ்டிக் வாடையும், நனைந்த சுவரின் பூஞ்சை வாடையும் கலந்து தொண்டையில் ஒட்டின.

கேபிள் இழுக்கிறவர்களுக்குள் இது ஒரு பேச்சு. ஒருவர் இங்கே, நெட்வொர்க் அறையில். மற்றவர் நடைபாதையின் கடைசியில், மூன்று-பதினாலாம் எண் ஊழியர் அறையில், ஏணிமேல் ஏறி, உத்தரத்தில் ஒரு பலகையைக் கழற்றிய சதுரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பார். கூப்பிட்டால் கேட்காது, போனை எடுக்கக் கையும் சும்மா இருக்காது. அதனால் இரண்டு இழுப்பு என்றால் "இழுக்கட்டுமா?", ஒரு இழுப்பு என்றால் "இழு". மேலே நிற்பவர் கேபிள் நழுவிப் போகாமல் இருக்க இடது மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றி வைத்திருப்பார். அதை அவிழ்த்த பிறகுதான் பதில் கொடுப்பார். பதில் வராமல் இழுத்தால் கேபிளோடு ஆளும் வந்துவிடுவார்.

புனிதா இழுத்தாள். கேபிள் வழுக்கிக்கொண்டு வந்தது. எங்கும் சிக்கவில்லை, மறுமுனையில் யாரோ பக்குவமாக, அவள் கை வேகத்துக்கு ஏற்ப விட்டுக் கொடுத்தார்கள். ஜெயராஜ் ஒருநாளும் இப்படி விட்டவனில்லை. அவன் விட்டால் பாதியில் நிற்கும், பிறகு மொத்தமாகக் கொட்டும். பரவாயில்லையே, பையன் தேறிவிட்டான் என்று அவள் நினைத்த நேரத்தில் போன் அடித்தது.

"அக்கா, சோரி லா. செம மழை. செராஸ்ல பாலத்துக்குக் கீழ மோட்டார நிறுத்திட்டு ஒதுங்கி நிக்கிறேன். கொஞ்சம் விட்டதும் வந்துருவேன்."

அவள் கையில் கேபிள் இருந்தது.

"நீ இன்னும் வரலயா?"

"எப்படிக்கா வர? முன்னால ரோடே தெரியல."

அவள் ஜன்னல் வழியே கீழே பார்த்தாள். காவலாளி தன் கூண்டுக்குள் உட்கார்ந்து போனில் ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கட்டடத்தில் வேறு யாரும் இல்லை. கேபிளின் கனம்தான் என்று சொல்லிக்கொண்டாள். மேலே சரிந்து தொங்கியிருக்கும், நான் அசைத்ததும் அதுவும் அசைந்திருக்கும். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் கேபிளைக் கையிலிருந்து விட்டாள்.

"சரி, கேளு. நீ வந்ததும் நேரா நெட்வொர்க் ரூமுக்குப் போ. நான் மூணு-பதினாலுக்குப் போயி மேல ஏறிப் பாக்கிறேன். அங்க கேபிள் சரிஞ்சு தொங்குது போல. ரெண்டு இழுப்பு குடு. பதில் வராம மட்டும் இழுக்காத."

"தெரியும்க்கா. நூறு வாட்டி சொல்லிட்டீங்க."

நூறு தடவை இருக்கும். பதினான்கு மாதமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மூன்று-பதினாலில்தான், அவளோடு கேபிள் இழுத்துக்கொண்டிருந்த கன்னையா அண்ணன் விழுந்தார். இதே கேபிள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை, ஐந்து மணி ரயிலை விட்டால் கிள்ளானுக்கு அடுத்தது எப்போது என்று தெரியாத அவசரம் புனிதாவுக்கு. இந்த நெட்வொர்க் அறையில் நின்று இரண்டு முறை இழுத்தாள். பதில் வரவில்லை. மனுஷன் எல்லாவற்றுக்கும் நேரம் எடுத்துக்கொள்கிறார் என்று எரிச்சல்பட்டு இழுத்தாள். இறுகியது. எங்கோ சிக்கிவிட்டது என்று நினைத்து, சுவரில் காலை ஊன்றி, உடம்பின் மொத்த எடையையும் போட்டு இழுத்தாள். பிறகு கேபிள் லேசாகிவிட்டது. அவள் போய்ப் பார்த்தபோது அண்ணன் மேசைக்குப் பக்கத்தில் கிடந்தார். கழுத்து இருக்கக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. இடது மணிக்கட்டில் கேபிள் இரண்டு சுற்று, அவிழ்க்காமல்.

விசாரணையில் அவள் ஒரே ஒரு பொய் சொன்னாள். "அவரு இழுன்னு பதில் குடுத்தாரு." கேபிளை அவிழ்க்காமலே பதில் கொடுத்தது அவருடைய கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள். அவர் மனைவி வீரம்மா அலுவலகத்துக்கே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "இருபது வருஷமா இந்த வேல செஞ்ச மனுசன் அப்படிச் செய்வாரா? நீயே சொல்லு புனிதா." அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவள் அதே பொய்யைச் சொன்னாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் சொன்னாள்.

போனில் ஒரு செய்தி வந்து விழுந்தது. மேலாளர் சிவேந்திரன். எந்தக் கணினிக்கு இணைப்பு வந்தது என்று வீட்டிலிருந்தே திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறார். "21 கம்ப்யூட்டர் பச்சை. 22ஆவது இன்னும் சிவப்பு. இன்னைக்கே முடிச்சிரும்மா. திங்கள் காலையில உன் நிரந்தர வேலைக் கடிதம் கையெழுத்தாகணும்."

இருபத்திரண்டாவதுதான் மூன்று-பதினாலு. மூன்று வருட ஒப்பந்த வேலை, அந்த ஒரு சிவப்புப் புள்ளியில் வந்து நின்றது. அவள் நடைபாதையில் இறங்கி நடந்தாள். விளக்குகள் ஒன்று விட்டு ஒன்று எரிந்தன. மழைச் சத்தத்துக்கு அடியில் அவள் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. தலைக்கு மேலே, உத்தரப் பலகைகளுக்குப் பின்னால், கேபிள் அவளோடு கூடவே உரசிக்கொண்டு வருவதுபோல் இருந்தது. நின்றாள். அதுவும் நின்றது.

கதவைத் திறந்ததும் கோடாலித் தைலத்தின் வாசம் அடித்தது. கன்னையா அண்ணன் கழுத்து வலிக்குத் தடவுவார். இன்று காலைவரை பதினான்கு மாதம் பூட்டிக் கிடந்த அறையில் எந்த வாசமும் தங்காது.

காலையில் அவள் ஏணியை மடித்துச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனாள். இப்போது அது விரிந்து நின்றது. நேராக, திறந்த உத்தரச் சதுரத்துக்குக் கீழே. தரையிலிருந்த பெட்டியிலிருந்து நீலக் கேபிள் எழுந்து அந்த இருட்டுக்குள் போனது. மேசைமேல் புதுக் கணினி, உறை பிரிக்காமல்.

திரும்பிப் போய்விடலாம். போய்விடு என்றுதான் உடம்பு சொன்னது. ஆனால் போனால் சிவப்பு சிவப்பாகவே இருக்கும். ஏன் முடிக்கவில்லை என்று கேட்பார்கள். அந்த அறைக்குள் போக உனக்கென்ன பயம் என்று கேட்பார்கள்.

போனை மேசையில் வைத்தாள். நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு ஏறினாள். ஒரு படி. இன்னொன்று. ஏணி பழையது, ஒவ்வொரு படிக்கும் முனகியது. தலை சதுரத்துக்குள் போனதும் மழையின் இரைச்சல் காதை அடைத்தது. தூசி, எலிப் புழுக்கை, துருப்பிடித்த கம்பிகள். தைல வாசம் இங்கே இன்னும் கனமாக இருந்தது. கேபிள் முன்னால் ஒரு முழம் தள்ளி ஒரு கம்பியில் மாட்டித் தளர்ந்து சுருண்டு கிடந்தது. அவ்வளவுதான். எட்டி விடுவித்தால் முடிந்தது.

இடது கையை நீட்டினாள்.

"அண்ணே," என்றாள். யாரிடம் என்று யோசிக்கவில்லை. வாயில் தானாக வந்தது. "திங்கக்கிழம மட்டும் முடியட்டும்ணே. கடிதம் கைக்கு வந்ததும் நானே போயி வீரம்மா அக்காகிட்ட உண்மையச் சொல்லிர்றேன். சத்தியமா."

சொல்லும்போதே தெரிந்தது, சொல்லப் போவதில்லை என்று.

கேபிள் அவள் மணிக்கட்டில் ஏறியது. அவசரமே இல்லாமல் ஒரு சுற்று. பிறகு இன்னொன்று. வேலை தெரிந்தவர் சுற்றுவதுபோல, இறுகாமலும் நழுவாமலும்.

கையை உதறினாள். வரவில்லை. வலது கையால் பிரிக்கப் பார்த்தாள். விரல் நுழைய இடமில்லை. ஏணி ஆடியது. கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

கீழே மேசையில் போன் அடித்தது. அடித்து நின்றது. ஜெயராஜ். வந்துவிட்டான்.

"ஜெயராஜ்!" என்று கத்தினாள். மழை அதை விழுங்கியது. அவன் நாற்பது மீட்டருக்கு அப்பால், விசிறிகளின் இரைச்சலுக்குள் நிற்கிறான்.

கேபிள் இழுபட்டது. இரண்டு முறை.

இழுக்கட்டுமா?

அவள் அசையவில்லை. மூச்சைக்கூட விடவில்லை. அசைந்தால் அதுவே பதிலாகிவிடும். அவன் காத்திருப்பான். நூறு தடவை சொல்லியிருக்கிறாள். பதில் வராமல் இழுக்க மாட்டான். நல்ல பையன். காத்திருப்பான். பிறகு சந்தேகப்பட்டு நடந்து வருவான். கதவைத் திறப்பான். ஏணியைப் பிடித்துக்கொள்வான். எல்லாம் சரியாகிவிடும்.

மீண்டும் இரண்டு இழுப்பு.

பதில் கொடுக்கவில்லை. காத்திருந்தாள்.

நெற்றி விளக்கின் வெளிச்சம் கேபிளோடு ஊர்ந்து முன்னால் போனது. கம்பிக்கு அப்பால், இருட்டும் தூசியும் சேரும் இடத்தில், ஒரு கை கேபிளைப் பிடித்திருந்தது. கிழட்டுக் கை. மணிக்கட்டில் இரண்டு வரி, கருநீலமாக, தசைக்குள் இறங்கிய தடம்.

"வேணாம்ணே."

அந்தக் கை பொறுமையாக இருந்தது. அவள் சொல்லி முடிக்கும்வரை இருந்தது. பிறகு கேபிளை ஒரு முறை இழுத்தது.