சாவியைத் திருப்பியவள்

பழைய பெட்ரோல் ஜீப்பின் பானெட் திறந்தே கிடந்தது. பம்பருக்கும் ஷெட் சுவருக்கும் நடுவில் நின்ற வாக்கிலேயே மெக்கானிக்கின் உயிர் போயிருந்தது. ஒரு கன்னம் மட்டும் பல்வலிக்காரருக்கு உப்பியதுபோல் உப்பியிருந்தது.

"யார் முதல்ல பார்த்தது?" என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா.

"நான்தாங்க கொன்னேன்," என்றாள் மெக்கானிக்கின் மனைவி.

ஏட்டு பேனாவை எடுத்தார். இன்ஸ்பெக்டர் கண்ணாலேயே அவரை அடக்கினார்.

"உக்காருங்க. எப்படி?"

"ஒரு வாரமா இந்த வண்டியோட மல்லுக்கு நின்னாரு. பேட்டரி புதுசு, செல்ஃப் மோட்டாரும் புதுசு. அப்பவும் கிளம்பல. காலைல கொழுந்தன் வந்து, 'அண்ணன் கூப்பிடறாரு, சீட்ல உக்காந்து சாவியைத் திருப்பணுமாம்'னு சொன்னாரு. எனக்கு வண்டி ஓட்டவே தெரியாது. ஏறி உக்காந்தேன். பானெட் மறைச்சுது, அவர் முகம்கூடத் தெரியல. 'திருப்பு'ன்னு குரல் வந்துச்சு, திருப்பினேன். டக்குன்னு ஒரு சத்தம். வண்டி போய்..."

ஜீப் சாவி இன்னும் அவள் உள்ளங்கைக்குள்ளேயே இருந்தது.

வாசல் பக்கமாக நின்றிருந்த மெக்கானிக்கின் தம்பி தொண்டையைச் செருமினான். "கியர்ல போட்டு வெச்சிருந்ததை அண்ணன் மறந்துட்டாருங்க. இந்தக் காலத்து வண்டி மாதிரியா? கியர்ல இருந்தா செல்ஃப் அடிச்சதும் பாயும். அண்ணி மேல தப்பே இல்ல. தெரியாம செஞ்சாங்க. அப்படின்னே எழுதிக்குங்க மேடம்."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"பின்னாடி. தண்ணி குடிச்சிட்டு இருந்தேன்."

"ரொம்ப நேரமா தாகமோ?"

அவன் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வந்தார். ஷெட்டின் தரை சுவரை நோக்கிச் சரிந்திருந்தது. ஹேண்ட் பிரேக் வெறுமனே ஆடியது. பின்சக்கரத்துக்கு முன்னால் எண்ணெய்த் தரையில் செங்கல் அளவுக்கு ஒரு சுத்தமான இடம். அந்த அளவில் கயிறு கட்டிய மரக்கட்டை ஒன்று, பின்பக்க மூலையில் சாய்ந்து நின்றது.

"வேலை நேரத்துல உங்க வீட்டுக்காரர் நிறையப் பேசுவாரா?"

"அவரா? எதைக் கேட்டாலும் 'ம்'தான், இல்லன்னா 'ம்ஹும்'. ஷெட்டை வித்துடலாம்னு கொழுந்தன் கேட்டப்பகூட வெறும் 'ம்ஹும்'தான். இன்னிக்குத்தான் அதிசயமா வாயத் திறந்தாரு. முதல்ல கொழுந்தனோன்னுதான் நினைச்சேன். ரெண்டு பேருக்கும் ஒரே குரல். போன்ல நானே எத்தனையோ தடவை ஏமாந்திருக்கேன்."

தம்பி வாசலுக்கு வெளியே பார்த்தான்.

"சாவியைக் குடுங்கம்மா. ஏட்டு, கியரை நியூட்ரலுக்கு மாத்திட்டு ஹாரன் அடிங்க."

ஹாரன் அலறியது. விளக்குகள் பளிச்சென்று எரிந்தன.

"இப்ப செல்ஃப்."

ஏட்டு திருப்பினார். எதுவும் நடக்கவில்லை. மறுபடி திருப்பினார். அசைவே இல்லை.

"செத்துப் போச்சு மேடம்," என்றவர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பேட்டரி நல்லாத்தான் இருக்கு. நம்ம ஸ்டேஷன் ஜீப்பைத் தள்ளித் தள்ளி என் முழங்காலே தேஞ்சு போச்சுய்யா. இது நமக்குப் பழகின சீக்குதான்." இன்ஸ்பெக்டர் டார்ச்சோடு எஞ்சினுக்குள் குனிந்தார். எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் வயரின் ஒரு முனை தொங்கிக்கொண்டிருந்தது. அந்த முனையை மட்டும் உப்புக் காகிதத்தால் தேய்த்து வெள்ளி மாதிரி பளபளப்பாக்கியிருந்தார்கள்.

"மோதினதுல பிடுங்கிட்டு வந்திருக்கும்," என்றான் தம்பி அவசரமாக.

"பிடுங்கிட்டு வந்திருந்தா நட்டு கீழ கிடக்கணுமே. டாக்டர், அந்தக் கன்னத்தைக் கொஞ்சம் பாருங்க."

அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டு இறந்தவரின் வாயைத் திறந்தார். பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவிலிருந்து ஒரு நட்டு வெளியே வந்தது.

மனைவி முனகினாள். "கழட்டினா வாயிலதான் ஒதுக்கிக்குவாரு. கீழ வெச்சா உருண்டு போயிடுமாம். எத்தனை தடவை சொல்லியிருக்கேன்..."

இன்ஸ்பெக்டர் அந்த நட்டை எர்த் வயரின் போல்ட்டில் வைத்துத் திருகினார். அலுங்காமல் ஏறியது.

"உங்க அண்ணன் சீக்கைக் கண்டுபிடிச்சிட்டாருப்பா. துருப்பிடிச்ச எர்த்து. அதைக் கழட்டித் தேய்ச்சிட்டு இருந்தாரு. எர்த் இல்லாத எஞ்சினை எந்தச் சாவி அசைக்கும்? பாடி வழியா ஹாரனும் லைட்டும் வேலை செய்யும், எஞ்சின்ல இருக்கற செல்ஃப் சுத்தாது. அப்போ வண்டி ஏன் பாஞ்சுது? யாரோ பின்னால இருந்து கட்டையை உருவினாங்க. அந்த டக் சத்தம் அதுதான். அப்புறம் தோளைக் கொடுத்துத் தள்ளினாங்க. இவங்க முன்னாடி ஓடின நேரத்துல கியரையும் போட்டு வெச்சாங்க."

"எனக்கு எதுக்குங்க..."

"இந்த ஷெட்டை விக்க உன் அண்ணன் ஒத்துக்கலல்ல? அவர் சுவத்துக்கும், அண்ணி ஜெயிலுக்கும் போயிட்டா, உன்னைக் கேக்க யார் இருக்கா? ஆனா ஒண்ணை நீ யோசிக்கல. வாயில நட்டை வெச்சுக்கிட்டு 'திருப்பு'ன்னு யாராலப்பா சொல்ல முடியும்?"

தம்பி வாசலை நோக்கி ஓரடி வைத்தான். ஏட்டு ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார்.

அவனைக் கூட்டிப் போன பிறகும் மனைவி எழுந்திருக்கவில்லை. அவள் உள்ளங்கையில் சாவியின் பல் சிவப்பாகப் பதிந்திருந்தது.

"அப்ப, நான் இல்லையா?"

"நீங்க இல்லம்மா. நீங்க திருப்பினது வெறும் சாவி."

அவள் பானெட்டுக்குப் பின்னாலிருந்த இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர் என்னைக் கூப்பிடவே இல்லையா?"

இன்ஸ்பெக்டர் டார்ச்சை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.