சினைமான் போன வழி

இந்தக் காலத்து மனுஷனுக்கு மானைக் கண்ணால் பார்த்தால் போதாது. தொட வேண்டும், கழுத்தைக் கட்டிக்கொண்டு போட்டோ எடுக்க வேண்டும். குற்றாலத்து மான் பூங்காவின் காவலாளி சிவசைலம் பதினோரு வருஷமாக இதைச் சொல்கிறார். கேட்டவன் கிடையாது.

எழுபத்தெட்டாம் வருஷச் சீசனில் ஒரு சினைமான் காணாமல் போயிற்று. பூட்டு உடையவில்லை. ராத்திரியோடு ராத்திரியாகக் கறிக்கு விற்றுவிட்டார் என்று அவர் வேலைக்கே உலை வைத்தார்கள். நம்பிக்கை இல்லாமல்தான் ஓய்வுபெற்ற ஏட்டு ஆவுடையப்பனிடம் போனார். ஏட்டு தன் கூட்டாளி ஏசுதாசனோடு வந்தார். சாரல் தூறியது.

"எப்ப வே கடைசியா எண்ணினீரு?"

"முந்தாநாள் சாயங்காலம். நேத்துக் காலையில எண்ணுமுன்னால கிளார்க்கு தவிடு வாங்கத் தென்காசிக்கு அனுப்பிட்டாரு. மத்தியானம் வந்து பாத்தா ஒண்ணு குறையுது."

"வேலியத் தாண்டிருக்கும் அண்ணாச்சி!" என்றார் ஏசுதாசன்.

"வயித்துப்பிள்ளையோட ஆறடி தாண்டுமா? சும்மா இரும்" என்றார் ஏட்டு.

கதவின் உட்பக்கத் தகரத்தில் சாரல் வழிந்து ஓடியது. ஓரிடத்தில் மட்டும் முத்து முத்தாக நின்றது. ஏட்டு விரலால் தேய்த்து முகர்ந்தார்.

"நல்லெண்ணெய். எண்ணெய் தேய்ச்சவன் நேரா அருவிக்குல்லா போவான்? குளிச்சிட்டுல்லா இங்கன வருவான்? எண்ணெயோட வந்திருக்கான்னா, குளிக்க விடாத நாளு."

"நேத்துக் காலையில அருவியில வெள்ளம்!" ஏசுதாசன் துள்ளினார். "இந்தச் சீசன்ல அதான் முதல் தடவை!"

"அப்போ மான் போனது ராத்திரி இல்ல. சிவசைலம் தென்காசியில நின்ன நேரம்."

பூட்டுக்குச் சாவி இரண்டு. இரண்டாவது, கிளார்க் கணபதிசுப்பிரமணியனின் மேசையில் இருந்தது.

"இதைத் தொட்டு ஒரு மாசம் ஆச்சு" என்று எடுத்துக் கொடுத்தார் கிளார்க்.

ஏட்டு இரண்டு சாவியையும் சன்னலுக்கு வெளியே நீட்டினார். சிவசைலத்தின் சாவி சும்மா நனைந்தது. மற்றதில் தண்ணீர் ஒட்டாமல் உருண்டது.

கிளார்க் உட்கார்ந்துவிட்டார். "மெட்ராஸ் மச்சினர் குடும்பம்... அருவியில விடல. எண்ணெயோட திரும்பினோம். பிள்ளைங்க மானோட ஒரு போட்டோன்னு கேட்டுது. சிவசைலம் அண்ணாச்சியத் தவிட்டுக்கு அனுப்பிட்டுக் கதவத் திறந்தேன். சினைமான் மிரண்டு கதவு வழியா ஓடிட்டு. நான் ஆபீசர்ட்ட எழுதிக் கொடுத்திடுதேன். அண்ணாச்சி, நாளைக்கு வேலைக்கு வாங்க."

"பெறவு என்ன வே, ஜெயிச்சாச்சு" என்றார் ஏட்டு.

"எத ஜெயிச்சோம்?" என்றார் சிவசைலம். "இவரு எழுதுவாரு, ஆபீசரு கிழிப்பாரு. நாளைக்கு இன்னொரு மச்சினர் வருவாரு. மான் வருமா?"

சிவசைலம் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சாரலில் இறங்கினார். ஏட்டு இரண்டு தடவை கூப்பிட்டார். அவர் திரும்பவில்லை.