அட்டை ஏறிய சப்பாத்து

ஆறு சப்பாத்துகளை விட்டுவிட்டு ஏழாவதில் மட்டும் அட்டை ஏறிக்கொண்டிருந்தது.

சிங்காரம் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மழை நாளில் மலைத்தோட்டத்தில் அட்டை இல்லாத இடம் ஏது? கொழுந்து எடுத்துவிட்டு வரும் பெண்களின் கால்களோடு, அவர்கள் குடியிருக்கும் லயம்வரை வந்துவிடும். விரலில் சாம்பலைத் தொட்டு அதை உருவி எறிந்தான். எறிந்த பிறகுதான் உறைத்தது. சூட்டையும் மூச்சையும் தேடி வருகிற பிராணி அது. வெறும் துணிக்கும் ரப்பருக்கும் ஏன் வருகிறது?

சப்பாத்துகளைக் காலையில் ஈப்போ ராதாகிருஷ்ணன் கொண்டுவந்து போட்டிருந்தான். சண்டைக் காலத்துச் சாமான்களைத் தேடிப்பிடித்து வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்கிறவன். ஜப்பான்காரச் சிப்பாய்கள் போட்ட, கட்டைவிரலுக்குத் தனிப் பை வைத்த துணிச் சப்பாத்துகள். ஏழும் இணையில்லாத ஒற்றைகள். எது அசல், எது பிறகு தைத்த போலி என்று பிரித்துச் சொல்ல, தேயிலைத் தொழிற்சாலையில் இருபது வருடம் இலை முகர்ந்த சிங்காரத்தின் மூக்கைத்தான் அவன் நம்பினான்.

"சாயங்காலம் வந்து எடுத்துக்கிறேண்ணே. நீங்க அசல்னு சொன்னா அசல்தான்லா," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். அந்தச் சொல்லில் சிங்காரத்துக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஆறைப் போலி என்று தள்ள அரைமணி நேரம் ஆகவில்லை. பழசாகக் காட்டுவதற்காகத் துணியைத் தேயிலைச் சாயத்தில் ஊறப்போட்டிருந்தார்கள். போயும் போயும் அவனிடமா! நூலைப் பிரித்துத் தீக்குச்சியில் காட்டினான். பருத்தியென்றால் காகிதம்போல எரிந்து சாம்பலாகும். இது நைலான்போல உருகி, மணியாய் உருண்டது. கடைசியாக உள்ளே கையை விட்டுப் பார்த்தான். குதிகால் அழுத்திய குழியும் இல்லை, விரல் பதிந்த பள்ளமும் இல்லை. யாரும் நடக்காத சப்பாத்துகள்.

ஏழாவதன் நூல் சாம்பலானது. அடி ரப்பர் கல்லாய் இறுகி வெடித்திருந்தது. கொக்கிகளில் பச்சைக் களிம்பு. திருப்தியோடு மணிக்கட்டுவரை கையை விட்டான். குழி இருந்தது. ஐந்து விரல்களின் பள்ளமும் இருந்தது. ஈரமாக இருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது.

வெளியே எடுத்த கையின் நகக்கண்களில் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது, நாட்கணக்காகச் சேற்றுத் தண்ணீரில் ஊறிய பாதத்தைச் சுரண்டினாற்போல. பழக்கதோஷத்தில் முகர்ந்துவிட்டான். புளித்த வியர்வை, சீழ், அதற்கும் அடியில் தித்திப்பாக ஒரு வாடை. கையை வெடுக்கென்று முகத்திலிருந்து விலக்கினான். முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய நாற்றமில்லை அது. இன்றைய நாற்றம்.

"அந்தக் கையோட அடுப்பாங்கரைக்குள்ள வராதீங்க," என்றாள் அவன் மனைவி மணியம்மா, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. "எலி ஏதும் செத்துக் கெடக்கா உள்ள?"

"எலியெல்லாம் இல்லலா. பழைய துணி, அப்படித்தான் நாறும்."

"பழசா? ஆஸ்பத்திரில புண்ணுக்குக் கட்டுப் பிரிக்கிறப்ப வர்ற நாத்தம் இது. தூக்கி ஆத்துல போட்டுட்டு வாங்க."

மனம் வரவில்லை. இத்தனை வருடத்தில் அவன் கையில் சிக்கிய முதல் சுத்த அசல் அது. மூன்று தடவை சோப்புப் போட்டுக் கையைக் கழுவினான், வாடை போகவில்லை. சப்பாத்தை வாசல் சிமெண்டில் வைத்து, பக்கத்தில் கரியடுப்பை மூட்டினான். காய்ந்தால் நாற்றம் அடங்கும்.

காயவில்லை. நான்கு மணிக்குப் பனி இறங்கி எதிர்லயத்தை மறைத்தது. பிள்ளைகளின் சத்தம், கோழிகளின் சத்தம், தூரத்தில் ஏற்றம் ஏறும் லோரியின் முனகல் எல்லாம் பஞ்சுக்குள் போனதுபோல் ஒவ்வொன்றாக அமுங்கிப்போக, சப்பாத்தின் வெடிப்புகளிலிருந்து மஞ்சளாக ஒரு நீர் கசிந்து சிமெண்டில் பரவும் மெல்லிய சத்தம் மட்டும் அவனுக்குக் கேட்டது. கால்மேல் ஏதோ ஊர்ந்தது. குனிந்தான்.

அட்டைகள். கால்வாயிலிருந்து, புல்லிலிருந்து, நூற்றுக்கணக்கில். அவனுடைய வெறுங்கால்களின்மேல் ஏறி, கடிக்காமல் இறங்கிப் போயின. நூலாய்ச் சப்பாத்துக்குள் நுழைந்தன. திராட்சையாய் வெளியே வந்தன.

"மணியம்மா! உப்பு! உப்பக் கொண்டா!"

உப்புச் சட்டியோடு ஓடிவந்தவள் வாசற்படியிலிருந்தே வாரி வாரி இறைத்தாள். அட்டைகள் சுருண்டு கக்கின. இரத்தம். புத்தம்புது இரத்தம். சிங்காரம் தன் கால்களைத் தடவிப் பார்த்தான். அவள் கால்களைப் பார்த்தான். ஒரு கடிகூட இல்லை.

"யாரு ரத்தங்க இது?"

அவன் சப்பாத்தைப் பார்த்தான். சப்பாத்தின் கட்டைவிரல் பை மெல்ல உயர்ந்தது. கல்லாய் இறுகிய ரப்பர், வெடிக்காமல் வளைந்தது. தரையை அழுத்தியது. பக்கத்தில், இரத்தமும் உப்பும் குழைந்து கிடந்த சிமெண்டில், வெறுங்கால் ஒன்றின் தடம் விழுந்தது. முதலில் குதிகால். பிறகு ஒவ்வொரு விரலாக.

சாகாத அட்டைகள் ஏறத் தொடங்கின. சப்பாத்தின் வாயைத் தாண்டியும் ஏறின. பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாத காற்றில், ஒன்றன்மேல் ஒன்றாக, கணுக்கால் அளவுக்கு, ஆடுசதை அளவுக்கு, கறுத்துப் பளபளத்து நெளிந்தபடி. முழங்கால் இருக்கவேண்டிய இடத்தில் அந்தக் கூட்டம் மடங்கியது. மணியம்மா நின்ற வாசற்படியை நோக்கி அடுத்த அடி எடுத்து வைத்தது.