துப்பும் ஏர்பிரஷ்

வீட்டில் அவளுக்குப் பெயர் துப்பு.

டப்பாவில் ஒரு பிஸ்கட் குறைந்தால் போதும். தரையில் கிடக்கும் தூளைத் தொடர்ந்து போய், அண்ணனின் தலையணைக்கு அடியில் கண்டுபிடித்துவிடுவாள். எரிச்சலில் அவன் வைத்த பெயர் அது. பள்ளி வரைக்கும் பரவிவிட்டது.

இந்த முறை சிக்கல் அவளுக்கே வந்தது. பள்ளி நாடகத்தின் பின்திரையில் அந்தி வானம் வரைவதாக ஒப்புக்கொண்டிருந்தாள். கீழே ஆரஞ்சு. மேலே நீலம். நடுவில் ஒன்று இன்னொன்றாகக் கரைய வேண்டும். முதலில் ஓர் அட்டையில் தூரிகையால் வரைந்து பார்த்தாள். கரையவில்லை. கோடு கோடாக நின்றது.

"வரிக்குதிரை வானம்!" என்றான் ராஜாவாக நடிப்பவன். "திங்கட்கிழமை வரைக்கும் பாப்போம். இல்லேன்னா எங்க வீட்டு நீலப் போர்வையைக் கட்டிடலாம்."

தன் வானத்துக்குப் பதில் ஒரு போர்வையா? வீட்டுக்கு வந்ததும் துப்பு மாமாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

விஷயம் கேட்டதும் மாமா சட்டையை மாட்டிக்கொண்டார். "ஏர்பிரஷ் வாங்கிடலாம். காத்துல பெயிண்டை ஊதும். கோடே விழாது. உன் பிறந்தநாளுக்கு என் பரிசு. வாங்கினா ஒசத்தியா வாங்கணும்."

துப்புவுக்கு முதல் சந்தேகம் அங்கேயே வந்தது. மாமா ஒசத்தியாக வாங்கிய உடற்பயிற்சி சைக்கிளில் இப்போது துண்டுகள் காய்கின்றன.

ஓவியச் சாமான் கடை குறுகலாக இருந்தது. கடைக்கார அக்காவின் மூக்குக் கண்ணாடியில் பச்சைப் புள்ளிகள். அவர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று பிளாஸ்டிக். இன்னொன்று மரம். மரப்பெட்டிக்குள் வெல்வெட் மெத்தையில் ஏர்பிரஷ் நகை மாதிரி படுத்திருந்தது.

"இதைக் கட்டுங்க," என்று மாமா மரப்பெட்டியைத் தொட்டார்.

அக்கா துப்புவிடம் கேட்டார். "இதுக்கு முன்னாடி அடிச்சிருக்கியா, கண்ணு?"

"இல்லக்கா."

"அப்போ இந்தச் சின்னதே போதும்."

துப்பு நிமிர்ந்தாள். விலை கூடியதை வாங்க ஒருவர் தயாராக நிற்கிறார். கடைக்காரரே வேண்டாம் என்கிறார். எந்தக் கடையில் இப்படி நடக்கும்?

பிளாஸ்டிக் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பழைய டேப்பின் மேல் புது டேப் ஒட்டியிருந்தது.

"அக்கா, இதை யாரோ ஏற்கெனவே பிரிச்சிருக்காங்க."

"யாருங்க இவ, போலீஸா?"

"அதுக்கும் மேல," என்றார் மாமா.

அக்கா கொஞ்சம் தயங்கினார். "ஒருத்தர் வாங்கிட்டுப் போய்த் திருப்பிக் கொடுத்துட்டார். துப்பு துப்புன்னு துப்புதுன்னார்."

"என்னையா?"

"உன்னை எதுக்குச் சொல்றார்? பிரஷ் துப்புதாம். பெயிண்டு புகை மாதிரி வரணும். வராம, பொட்டுப் பொட்டா விழுதாம்."

"அப்போ ஓட்டைச் சாமானை எங்க தலையில கட்டப் பாத்தீங்களா?" மாமாவின் குரல் ஏறியது.

துப்பு அவர் கையைப் பிடித்தாள். "இருங்க மாமா. அக்கா, அடிச்சுக் காட்டுங்க."

அக்கா பிரஷ்ஷின் மேலிருந்த சின்னக் கிண்ணத்தில் நீலம் ஊற்றி, காற்றடிக்கும் மோட்டாரைப் போட்டு, பித்தானை அழுத்தினார். காகிதத்தில் நீலம் பொட்டுப் பொட்டாகத் தெறித்தது. மாமா மரப்பெட்டியை மறுபடி தொட்டார்.

துப்பு காகிதத்தின் மேல் குனிந்தாள். நீலப் பொட்டுகளுக்கு நடுவில் சின்னச் சின்னச் சிவப்புத் துணுக்குகள்.

"நாம ஊத்தினது நீலம் மட்டும்தானே? சிவப்பு எங்கிருந்து வந்துச்சு?"

அக்கா பிரஷ்ஷைக் கழற்றினார். உள்ளே ஒரு மெல்லிய ஊசி இருந்தது. அதன் முனையில் காய்ந்த சிவப்புப் பெயிண்டு.

"அட! அந்த மனுஷன் கழுவவே இல்ல. நானும் திறந்து பாக்கல."

துடைத்து மாட்டியதும் துப்பு தானே அழுத்தினாள். காகிதத்தில் நீலம் பனி போலப் படிந்தது.

ஆனால் ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது.

"அக்கா, ஒசத்தியானதை ஏன் விக்க மாட்டேங்கறீங்க?"

"அதோட ஊசி இதைவிட மெல்லிசு. கழுவத் தெரியாதவங்க இழுத்து வளைச்சிடறாங்க. புது ஊசி விலையைக் கேட்டதும் பெட்டியை மூடி வெச்சிடறாங்க. கை பழகினவங்களுக்குத்தான் அது."

"மூடி வெச்சா உங்களுக்கு என்ன?"

"நல்லாக் கேட்டே! அப்புறம் என்கிட்ட பெயிண்டு வாங்க யார் வருவா? பிரஷ் ஒரு தடவைதான் விக்கும். பெயிண்டு விக்க விக்கத்தான் என் கடை ஓடும்."

துப்பு மூச்சு விட்டாள். 'உன் நல்லதுக்குத்தான்' என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள். இதை நம்பலாம்.

"இதையே குடுங்க."

"புதுசு ஒண்ணு உள்ளே இருக்கே?" என்றார் அக்கா.

"இது ஏன் துப்புதுன்னு எனக்குத் தெரியும். புதுசு எதுக்குத் துப்பும்னு யாருக்குத் தெரியும்?"

மாமா மரப்பெட்டியை ஏக்கத்தோடு பார்த்தார். "அப்போ இது..."

"சைக்கிள், மாமா."

மாமா பர்ஸை எடுத்தார்.

சனியும் ஞாயிறும், பின்திரையை விரித்துப் போட்ட வீட்டில் மோட்டார் சத்தம்தான். கெட்டியான பெயிண்டு அடைத்துக்கொண்டது. பால் போல நீர்க்கக் கரைத்ததும் வந்தது. ஒவ்வொரு முறையும் ஊசியைத் துடைத்தாள். ஒரே ஒரு முறை, அவசரத்தில் மறந்தாள்.

திங்கட்கிழமை ராஜா போர்வையோடு வந்தான். திரையைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. மூக்கு உரசும்படி கிட்டே போய்த் தேடினான். ஆரஞ்சு எங்கே முடிகிறது, நீலம் எங்கே தொடங்குகிறது? தெரியவில்லை. மேல் மூலையில்தான் அவனுக்கு ஒன்று கிடைத்தது.

"மாட்டிக்கிட்டே! இங்க பாரு பொட்டுப் பொட்டா. உன் பிரஷ் என்ன பண்ணியிருக்கு?"

"நீயே சொல்லு."

"துப்பியிருக்கு!"

"படம் வரைஞ்சவங்க மூலையில பேர் போடுவாங்க இல்ல?" என்றாள் அவள். "என் பேரு என்ன?"

"துப்..."

அவன் பாதியில் நிறுத்தினான். பொட்டுகளைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கொண்டுவந்த போர்வை வீணாகவில்லை. நாடகத்தில் அதைத் தோளில் போட்டுக்கொண்டுதான் ராஜா அந்தி வானத்தின் கீழ் நடந்து வந்தான்.